பாதத்துக்கு அணை

1

படிவத்தில் பதினொரு கேள்விகள். செவ்வாய்க்கிழமை மதியம் என் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும். பத்துக் கேள்விகளுக்கு அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். ஏழாவது மட்டும் காலியாக நின்றது.

'நோயாளி தரையில் சரியும் முன் மாணவர் தவறவிட்ட பாதுகாப்பு முறை எது? அந்த முறை உங்களால் மாணவருக்குச் சரியாகக் கற்பிக்கப்பட்டதா?' அதன் கீழே இரண்டு சிறு கட்டங்கள். ஆம். இல்லை.

நான் அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்ததும் அதே வாரத்தில்தான். கேசரி கிண்டலாம் என்று ரவை வாங்கி வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அதைப் பிரிக்கவில்லை.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். அம்மாவும் அப்பாவும் தக்காளிக் காடுகளில் கூலிக்குப் பழம் பறிப்பவர்கள். அவர்கள் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்தது என்னைச் சேர்ப்பதற்காக. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பேருந்துப் பலகையை வீட்டுக்கே படித்துச் சொன்னவள். பிசியோதெரபி முடித்து, இங்கே ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தின் மறுவாழ்வு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

போன வருடம் அந்தப் பெருமையில் இன்னொரு படி ஏறியது. இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்டுக்கு உதவியாளராக இருக்க இரண்டு வருடப் படிப்பு ஒன்று உண்டு. படிப்பின் கடைசி எட்டு வாரம் மாணவர்கள் மருத்துவமனையில் ஒருவரின் கீழ் வேலை பழக வேண்டும். அந்த ஒருவர் கையெழுத்திட்டால்தான் தேர்ச்சி. எங்கள் மருத்துவமனையில் கையெழுத்திடும் ஆட்களில் ஒருத்தியாக என்னைப் போட்டார்கள். அம்மாவுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே ஊருக்குள் சொல்லிவிட்டு வந்தாள்: "எம்மவ வெள்ளக்காரங்களுக்கே வாத்திச்சியாம்."

2

என் மாணவியின் பெயர் டெனீஸ். வயது நாற்பத்தேழு. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

முதல் நாள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. "மேடம்" என்றேன்.

"மேடமா? எங்க மாமியார் பின்னாடி நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்துட்டேன்" என்றார்.

இந்த எட்டு வாரம் அவருக்கு இரண்டாம் முறை. முதல் முறை பாதியில் அவருடைய அண்ணன் இறந்து, விட்டுவிட்டுப் போனார். கல்லூரி விதிப்படி இன்னொரு வாய்ப்புத்தான் உண்டு. இதில் தோற்றால் படிப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஐந்தாவது வாரம்வரை அவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. நான் செய்வதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். என் கை எங்கே போகிறது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்பதுகூட அதில் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வால்டரின் அறையில் இருந்தோம். வால்டருக்கு எழுபத்தொன்பது வயது, ரயில்வேயில் இருந்தவர். நல்ல ஆகிருதி. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் பலமிழந்திருந்தன. கட்டிலிலிருந்து அவரை எழுப்பி, அரைவட்டம் திருப்பி, சக்கர நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். டெனீஸ் செய்ய, நான் இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

"டிரைவர், இன்னிக்கு பிரேக் புடிக்குமா?" என்றார் வால்டர்.

"பிரேக் புடிக்கும். பெல்ட் போட்டுக்கோங்க" என்று டெனீஸ் அவர் இடுப்பில் பட்டையைக் கட்டினார்.

வழக்கமாக அவருக்கு அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை போட்டிருப்போம். அன்று அவருடைய மகள் வாங்கி வந்த புதுக் கம்பளிக் காலுறை. தரையோ, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. நான் காலுறையைப் பார்த்தேன். முட்டியை இறுக்கிப் பிடித்தால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

டெனீஸ் குந்தி உட்கார்ந்து அவருடைய இடது பாதத்தைக் கையால் நேராக்கி வைத்தார். எழுந்து, தன் இரண்டு முட்டிகளுக்கு நடுவில் அவருடைய முட்டியை அணைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. வால்டர் பாதி எழுந்தபோது இடது பாதம் சோப்பு மேல் வைத்ததுபோல் முன்னால் ஓடியது. முட்டி பிடியிலிருந்து நழுவியது. டெனீஸ் பட்டையை இறுக்கித் தன் தொடையோடு அவரைச் சாய்த்து, மெல்ல மெல்லத் தரையில் இறக்கினார். நான் பாய்ந்து தலையைப் பிடித்தேன். வலது மணிக்கட்டு மட்டும் நாற்காலியின் இரும்பில் இடித்துக்கொண்டது.

"டிரைவர், ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எறக்கிட்டியே" என்றார் வால்டர், தரையில் உட்கார்ந்தபடி. அவர் உதடு வெளுத்திருந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் மட்டும். ஆனால் இங்கே மெல்ல இறக்கினாலும், தடாலென்று விழுந்தாலும் ஏட்டில் ஒரே சொல்தான்: விழுந்தார்.

3

மறுநாள் காலை எங்கள் மேலாளர் மார்க் எங்கள் இருவரையும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். என்னை வால்டர் இடத்தில் உட்காரச் சொன்னார். டெனீஸ் திங்கட்கிழமை செய்ததை அப்படியே செய்து காட்ட வேண்டும்.

டெனீஸ் என் முன் குந்தினார். என் இடது பாதத்தை நேராக்கி வைத்தார். பிறகு விரல் நுனியால் என் ஷூவைத் தொட்டு, அதே விரல்களைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஒரு நொடிகூட இல்லை. உடனே எழுந்து முட்டியை அணைத்தார். அவருடைய பாதங்கள் என் பாதத்தைத் தொடாமல் அகலமாக விலகி நின்றன.

"இருங்க. கண்ணைத் தொட்டீங்களே, அது என்ன?" என்றார் மார்க்.

"அது மேகலாவோட ஸ்டெப்பு. பாதத்தைச் சரியா வெச்சாச்சு, பாத்தாச்சுன்னு ஒரு செக்" என்றார் டெனீஸ். நோட்டைப் புரட்டி எடுத்தும் காட்டினார். நான்காவது வரியில் இருந்தது: பாதத்தைத் தொடு, கண்ணைத் தொடு.

மார்க் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். "உங்க காலை அவர் காலுக்கு முன்னாடி வெச்சு பிளாக் பண்ணலியே. ஏன்?"

டெனீஸ் தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மறந்துட்டேன்னு நினைக்கறேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பலமில்லாத காலோடு எழும் ஒருவருக்கு, முட்டிக்கு நம் முட்டியையும், பாதத்துக்கு நம் பாதத்தையும் அணை கொடுக்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதுபோல. எங்கள் படிப்பின் பாலபாடம் அது. எனக்கும் தெரியும். எட்டு வருடமாக நான் செய்வதில்லை. பாதத்தைக் கையால் வைப்பேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். முட்டியை மட்டும் இறுக்கிப் பிடிப்பேன். என் கையில் யாரும் விழுந்ததில்லை. அதனால் அது என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரத்திலேயே டெனீஸ் கேட்டார், "புத்தகத்துல பாதத்தையும் பிளாக் பண்ணச் சொல்றாங்களே?" என்று. "எனக்கு அது தேவைப்படறதில்ல" என்றேன். சொன்னபோது என் குரலில் இருந்த மிடுக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டெனீஸ் தன் பங்கு வாக்குமூலத்தை அன்று மதியமே எழுதிக் கொடுத்துவிட்டார். 'படித்திருந்தும் பாதத்துக்கு அணை கொடுக்கவில்லை. என் தவறு.' மார்க் அதன் நகலையும் படிவத்தையும் என் மேசையில் வைத்தார்.

"ஏழாவதுக்கு ரெண்டு வரி போதும் மேகலா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பேரில், நடந்தது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

4

ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டால் டெனீஸின் படிப்பு முடிந்தது. இல்லை என்றால் விசாரணை என் பக்கம் திரும்பும். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் இந்த மருத்துவமனையின் பெயரில்தான் நிற்கிறது. இரண்டு வருடமாக நிற்கிறது. இவர்கள் கையை எடுத்தால் நானும் கணவரும் மகளும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

புதன்கிழமை வழக்கம்போல் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, சோறு வடித்து, கீரை கடைந்தேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"படிவத்துல என்ன கேட்டிருக்காங்களோ அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"அதத்தானே கேக்கறாங்க. நீ ஒழுங்கா சொல்லிக் குடுத்தியான்னு."

"புத்தகத்துல இருக்குதில்ல? அந்தம்மா படிச்சிருக்காங்கல்ல? அப்ப ஆம்தான்."

சட்டப்படி பார்த்தால் சரியான பேச்சு.

மகள் நிலாவுக்கு நான்கு வயது. சோபாவில் என் மடியைத் தாண்டிக் குதித்ததில் அவள் கால் என் தோளில் பட்டது. வழக்கம்போல் வாயில் வந்துவிட்டது: "கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்னு எத்தன தடவ சொல்றது?"

அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். தமிழ் கேட்டால் புரியும், வாயில் வராது. இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இது ஒரு வியாதி என்று நாங்கள் பெற்றோர்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

"மரியாதை."

"யாருக்கு?"

நான் பதில் தேடுவதற்குள் அவள் அடுத்த சோபாவுக்குத் தாவிவிட்டாள். போன வருடம் மருத்துவமனையில் அவரவர் நாட்டு வழக்கத்தைச் சொல்லும் விருந்து ஒன்று நடந்தது. நான் பட்டுப்புடவை கட்டிப் போய், இந்தத் தொட்டு ஒற்றிக்கொள்வதைத்தான் செய்து காட்டினேன். எங்கள் ஊரில் பெரியவர்களின் பாதத்தை இப்படித்தான் மதிப்போம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். டெனீஸ் அந்த விருந்துக்கு வந்திருந்தால் நோட்டில் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

மரியாதை என்று அன்று சொன்னது பொய். அது எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

5

எட்டு வருடத்துக்கு முன் தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மாணவியாக இருந்தேன். வெள்ளை அங்கி, புது கேன்வாஸ் ஷூ. பேருந்தில் போகும்போது அங்கியை மடித்துப் பைக்குள் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போவேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அரூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நிறைய நிலமுள்ள குடும்பம். வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எட்டுக் கட்டில் போட்ட வார்டு. மகன் பக்கத்தில் நின்றார். நான் பெரியவரை எழுப்ப, பாடப்படி என் ஷூவை அவர் பாதத்தின் முன்னால் ஒட்டி வைத்தேன்.

"ஏம்மா, இந்தாம்மா. யாரு கால மிதிக்கற?"

"மிதிக்கலைங்க. வழுக்காம இருக்க அணை குடுக்கறேங்க."

"செருப்புக் காலோட எங்கப்பன் கால்ல அணை குடுப்பியா? நாங்களே அவரு கால் நீட்டியிருந்தா தாண்ட மாட்டோம். எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல யாரு வூடு?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.

"ஊருக்குள்ளயா, அக்கட்டாலயா?"

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே பதில். பக்கத்துக் கட்டில்காரருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

என்னை மேற்பார்க்கும் சீனியர் ஓடி வந்தார். நல்ல மனிதர். எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர். "சின்னப் புள்ள சார், தெரியாம வெச்சிருச்சு" என்றார். என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தொட்டுக் கும்பிட்டுரும்மா. விஷயம் முடிஞ்சிரும்."

ஷூவைக் கழற்றினேன். குனிந்து பெரியவரின் பாதத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மகன் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு வெளியே போனார். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் வராது. அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தொட்டு ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். என் பாதத்தை யாருடைய பாதத்தின் பக்கத்திலும் கொண்டுபோகவில்லை. நோயாளிகளின் வீட்டார் மெச்சினார்கள். "எவ்ளோ மரியாத பாரு, இந்தப் புள்ளைக்கு." மெச்சலில் காரணம் மறைந்துபோனது. பிறகு இங்கே வர விண்ணப்பித்தபோது, பயிற்சி பெற்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முத்திரையோடு கடிதம் கேட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் தருமபுரிக்கும் ஏழு முறை அலைந்தேன். முத்திரை குத்தப்பட்ட அந்த மணி நேரங்களில் இந்தப் பத்து நிமிடமும் அடக்கம்.

வேறு கண்டத்துக்கு வந்தும், என் ஊர் எது, என் தெரு எது என்று கேட்கத் தெரியாத மனிதர்களின் காலடியிலும் நான் குனிந்துகொண்டிருந்தேன். போதாததற்கு, டெனீஸுக்கும் கற்றுக்கொடுத்திருந்தேன்.

6

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். காட்டு வேலை முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்திச்சி, இன்னிக்கு லீவா?"

"வேலைக்குப் போவணும். ஒன்னு சொல்லணும்மா."

தருமபுரி வார்டில் நடந்ததை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். ஷூவைக் கழற்றியதுவரை சொன்னேன். பிறகு டெனீஸ், வால்டர், படிவம் எல்லாம் சொன்னேன். போனில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன பண்ணியிருப்பேன். போனாப் போவுது, படிப்ப முடி, வாயக் குடுக்காதன்னுதான் சொல்லியிருப்பேன். நானே அவங்க காட்டுல தானே நிக்கறேன்."

"இப்ப என்ன பண்றது?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, எங்கிட்ட கேக்கற? ஒன்னய எதுக்குப் படிக்க வெச்சது?" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு."

"வண்டி ஓட்டிக்கிட்டிருந்தவளா?"

"ஆமா. பத்தொம்போது வருசம்."

"இந்த வயசுல படிக்க வந்திருக்கறா. அவள தொட்டுக் கும்பிட வெச்சிட்டு வந்துராதடி, அந்த ஆளு ஒன்னய வெச்சாப்பல."

நான் அழுதேன். அவள் விடவில்லை.

"அழுவறதெல்லாம் அப்பறம் அழு. உன் வேலை போயிருமா?"

"தெரியல."

"போனா வா. இங்கயும் கை கால் வராதவங்க நெறயப் பேரு இருக்கறாங்க."

அவள் இதை அவ்வளவு லேசாகச் சொல்லக் கூடியவள் அல்ல. எங்கள் வீட்டுக்கு மேல்தளம் போட்டது என் சம்பளத்தில். ஊரில் அவளுடைய நடையே மாறியது என் வேலையில். போனை வைத்தபின் அவள் எவ்வளவு நேரம் அந்தத் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

7

வெள்ளிக்கிழமை மதியம் இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். கீழே இருந்த இடம் போதவில்லை. இன்னொரு தாளை இணைத்தேன். 'பாதத்துக்கு அணை கொடுப்பதை நான் மாணவிக்குச் செய்து காட்டவில்லை. அவர் கேட்டபோது தேவையில்லை என்று சொன்னேன். அவர் செய்தது என்னைப் பார்த்து அப்படியே செய்தது. நான் அதைத் தவிர்ப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.' காலுறையைப் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் எழுதினேன். தருமபுரியை எழுதவில்லை. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும், மன்னிப்புச் சீட்டு மாதிரி அதை நீட்ட எனக்கு மனமில்லை.

மார்க் படித்துவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "இது உங்க கோப்புல நிரந்தரமா இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் உங்களுக்கு ஒரு வாரம் டைம் வாங்கித் தர்றேன். யோசிங்க."

"யோசிச்சிட்டேன் மார்க். மூணு நாளா வேற எதையும் யோசிக்கல."

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்தார். ஒன்றரை மணி நேரம். கேள்விகள் மரியாதையாக இருந்தன. அதனாலேயே பயமாக இருந்தன. இதுவரை எத்தனை மாணவர்கள்? இரண்டு. முதல் மாணவனுக்கும் இப்படியேவா? ஆம். அவன் இப்போது எங்கே வேலை செய்கிறான்? சொன்னேன். அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

முடிவு இரண்டு நாளில் வந்தது. டெனீஸைத் தோல்வி என்று எழுதவில்லை. மீதி வாரங்களோடு இன்னும் இரண்டு வாரம் கூட்டி, வேறொருவரின் கீழ் முடிக்க வேண்டும். எனக்கு ஒரு வருடத்துக்கு மாணவர்கள் கிடையாது. நோயாளிகளை எழுப்பி உட்காரவைப்பதை ஐந்து முறை ஒருவர் முன்னால் செய்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை தப்பிப் பிழைத்தது. கிரீன் கார்டு பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

டெனீஸ் நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். அவர் சாப்பாட்டு அறையில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"எம்மேல தப்புன்னு நான் எழுதிக் குடுத்தப்ப பக்கத்துலதான் இருந்தீங்க. மூணு நாள் நான் தூங்கல. என் பசங்ககிட்ட, அம்மா மறுபடியும் பஸ் ஓட்டப் போறேன்னு சொல்லிட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்க."

"முதல் வாரமே கேட்டேனே. தேவையில்லைன்னு சொன்னீங்க. உங்க கைல ஏதோ வித்தை இருக்கு, எனக்கு அது வரலைன்னு நெனச்சேன்." நோட்டை எடுத்து அந்த நான்காவது வரியில் விரலை வைத்தார். "இது என்ன? நிஜமாச் சொல்லுங்க."

சொன்னேன். படிவத்தில் எழுதாததை அவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு முழுதும் கேட்டார்.

"அந்த ஆளு பண்ணது அசிங்கம்" என்றார் கடைசியில். "ஆனா வால்டர் அந்த ஆளு இல்ல. நானும் இல்ல."

8

ஐந்தில் முதல் சோதனை வால்டரோடு அமைந்தது. மணிக்கட்டு வீக்கம் வடிந்திருந்தது. என்னைக் கவனித்துக் கையெழுத்திட வந்தவர் என்னைவிட நான்கு வருடம் இளையவர். அவருக்குக் கீழேதான் இப்போது டெனீஸ் பயிற்சி பெறுகிறார். அதனால் டெனீஸும் நோட்டோடு கட்டில் ஓரம் நின்றார்.

ரப்பர் புள்ளிக் காலுறையைச் சரிபார்த்தேன். பட்டையைக் கட்டினேன். குந்தி உட்கார்ந்து இடது பாதத்தை நேராக்கி வைத்தேன். என் கை தானாகவே கண்ணுக்குக் கிளம்பியது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எழுந்தேன். முட்டிக்கு முட்டி. பிறகு என் வலது காலை நகர்த்தி, என் ஷூவின் நுனியை அவர் பாதத்தின் முன்னால் ஒட்டி வைத்தேன். அழுத்தினேன்.

யாரோ ஒரு குரல் எழுப்பப்போகிறார் என்று முதுகு காத்திருந்தது.

வால்டர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஓ. இப்ப நல்லாருக்கு" என்றார். "இத்தனை நாளும் அந்தக் கால் எப்ப ஓடுமோன்னு எனக்குப் பயம்."

"எத்தன நாளா?"

"நீங்க என்னை முதல்ல எழுப்பின நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல வால்டர்?"

"நீங்க அவ்வளவு தெரிஞ்சவங்க மாதிரி நின்னீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

கையெழுத்திட வந்தவர் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். டெனீஸ் எழுதவில்லை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. வால்டர் தன் முழு எடையோடும் என் பாதத்தில் முட்டுக்கொடுத்து எழுந்தார். வலித்தது. நான் காலை எடுக்கவில்லை.